பாட்டின் கடைசியில் ஒரு கதவு

ஹோபோக்கன், நியூ ஜெர்சி
1997 ஜனவரி 12

அன்பு அப்பாவுக்கு,

மார்னி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிப் பேருந்தின் பிரேக்கை மிதிக்கிற கால் அது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் சார்பாகவும் கேட்கிறேன்.

சேதி இதுதான். எங்கள் முதலாளி அட்லர் சம்மதித்துவிட்டார். நீங்கள் டிரம்ஸ் வாசித்த ‘நார்த் பியர்’ குழுவின் ஆறு இசைத்தட்டுகளையும் ஒரே பெட்டியாக மறுபடி வெளியிடப் போகிறோம். இரண்டு வருடமாக நான் அந்தத் தட்டுகளை அவர் மேஜையில் வைப்பேன், அவர் எடுத்து ஓரமாக வைப்பார். போன வாரம் ‘பனிச்சங்கு’ பாட்டைப் போட்டுவிட்டு நான் காபி வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மனிதர் இரண்டு பென்சில்களால் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "உங்கப்பாவா இப்படித் தட்டினாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த நேரம் நான் நாலு அங்குலம் வளர்ந்திருப்பேன்.

பெட்டியோடு ஒரு சிறு புத்தகம் வரும். ஒவ்வொரு தட்டும் எங்கே எப்போது பதிவானது, எந்தப் பாட்டில் யார் எதை வாசித்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். அதைத் தயாரிப்பது என் பொறுப்பு. என் பெயர் போட்டு வரப்போகிற முதல் வேலை. செப்டம்பர் பதினைந்து அச்சுக்குப் போக வேண்டும். தொலைபேசியில் சொன்னால் செல்லாது, வாசித்தவர் கைப்பட எழுதியதுதான் செல்லும் என்பது அட்லரின் சட்டம். ஆகவே தட்டு தட்டாக எழுதி அனுப்புங்கள். ‘பனிச்சங்கு’ பற்றி நிறைய எழுதுங்கள். எல்லாரும் கேட்கப்போவது அதைத்தான்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள்
மார்னி


டூ ரிவர்ஸ், விஸ்கான்சின்
1997 ஜனவரி 27

என் மார்னிக்கு,

உன் அப்பன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் பத்திரமாக இருக்கிறது. வலியும் அதை விட்டுப் பிரியாமல் கூடவே இருக்கிறது. உன் அம்மா பௌலிங் போட்டியில் கட்டைகளைச் சாய்த்து முதலிடத்தில் நிற்கிறாள். நான் புள்ளி எழுதுகிறேன். அதிலும் தப்பு வருகிறதாம்.

கைப்பட எழுதச் சொல்கிறாய். பன்னிரண்டாம் வகுப்பை நான் முடித்தேன் என்பதைவிட, போதும் என்று அது என்னை அனுப்பிவைத்தது என்பதே சரி. பிழை இருந்தால் நீ திருத்திக்கொள்.

முதல் தட்டு, 1969. மில்வாக்கியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரண்டே நாளில் பதிவு செய்தோம். அட்டைப் படத்தில் மூன்று பேர் உன்னைப் பார்ப்பார்கள், நான் கண்ணை மூடியிருப்பேன். ‘ஆழ்ந்த சிந்தனையில் டிரம்ஸ் கலைஞர்’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. எனக்குத் தும்மல் வந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரரிடம் அதற்குமேல் படச்சுருள் இல்லை.

இரண்டாவது, 1971. எங்கள் குழுவின் பாடகன், உன் டாரல் மாமா, அவனுடைய சித்தப்பாவின் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில், குளிர் அறையில் பதிவானது. அங்கே எதிரொலி நன்றாக வரும் என்பது டாரலின் ஆராய்ச்சி. எதிரொலி வந்தது. கூடவே குளிர்ப்பெட்டியின் உறுமலும் வந்தது. அதை நிறுத்தினால் கட்டி கெட்டுவிடும், கெட்டால் சித்தப்பா எங்களைக் கெடுத்துவிடுவார். கடைசியில் கிட்டாரையெல்லாம் அந்த உறுமலின் சுருதிக்கே சேர்த்துக்கொண்டோம். நம் குழுவில் சுருதி தப்பாத ஒரே ஆள் அந்தக் குளிர்ப்பெட்டிதான். பட்டியலில் அதன் பெயரைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நாலாவது, 1975. மாவட்டக் கண்காட்சியில் கூட்டத்தின் முன்னால் வாசித்தபோது பதிவு செய்தது. பக்கத்துக் கொட்டகையில் மாட்டுப் போட்டி. மெதுவான பாட்டு வருகிற இடத்தில் ஒரு பசு குரல் கொடுத்தது. அன்றைக்கு அதிகம் கைதட்டல் வாங்கியது அதுதான்.

ஐந்தாவது, 1977. எல்லாரும் டிஸ்கோ ஆடுகிற காலம் என்று எங்களையும் ஆடச் சொன்னார்கள். எனக்கு ஒரு வெள்ளி நிறக் கால்சட்டை தந்தார்கள். அதற்குமேல் கேட்காதே.

ஆறாவது, 1979. விற்கவே இல்லை. குழு கலைந்த பிறகு நான் ஒரு கிடங்கில் வேலைக்குப் போனேன், உனக்கு நினைவிருக்கும். விற்காத தட்டுகளின் அட்டை மூலையை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுபடிக் கடைக்கு அனுப்புகிற வேலை. ஒருநாள் பெட்டியைத் திறந்தால் உள்ளே நாங்கள் நாலு பேர். படத்தில் மூலையில் நிற்பவன் நான். என் இடது காதை நானே நானூறு முறை அறுத்தேன்.

மூன்றாவது ‘பனிச்சங்கு’, 1973. அது ஊருக்கே தெரிந்ததுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரயிலில் தூங்காதே.

அன்புடன்
அப்பா


ஹோபோக்கன்
1997 பிப்ரவரி 20

அன்பு அப்பா,

சுகம். உங்கள் எல்லாருடைய சுகமும் அறிய அவா. முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைக்கிறீர்களா, அல்லது அது பூனைக்குப் போய்விட்டதா?

உங்கள் கடிதத்தை அட்லர் அலுவலகத்தில் உரக்கப் படித்தார். பட்டியலில் குளிர்ப்பெட்டி சேர்ந்துவிட்டது. ‘சுருதி: குளிர்ப்பெட்டி.’ நிஜமாகவே சேர்த்துவிட்டேன்.

ஆனால் அப்பா, ஐந்து தட்டுக்கு இத்தனை எழுதிவிட்டு, ஊரே கேட்கிற தட்டுக்கு ஒரே வரியா? இந்தப் பாட்டுக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. பாட்டு முடியும்போது, அந்த நீண்ட ஆர்கன் ஒலி அடங்குகிற இடத்தில், ஒரு கதவு திறக்கிற சத்தமும் ‘டொப்’ என்று ஒரு சத்தமும் ஏதோ சரசரப்பும் கேட்கிறதல்லவா? அது என்ன என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. கப்பலின் அடித்தளக் கதவு என்கிறார் ஒருவர். சிறைக்கதவு என்கிறார் இன்னொருவர். ஓரிகன் மாநிலத்திலிருந்து ஒருவர், அது ஆத்மா உடலை விட்டுப் போகிற சத்தம் என்று ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அது என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கண்காட்சித் தட்டிலும் இதே பாட்டு இருக்கிறது. அதில் டிரம்ஸ் நேராகப் போகிறது. 1973 தட்டிலோ ஒரு துள்ளல், ஏதோ தாண்டித் தாண்டி ஓடுவது போல. ஏன் மாற்றிக்கொண்டீர்கள்?

அன்புடன்
மார்னி


டூ ரிவர்ஸ்
1997 மார்ச் 16

மார்னிக்கு,

எல்லாரும் சுகம். ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது. போன செவ்வாய் பேருந்து பனிக்குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டது. பிள்ளைகள் பாட்டுப் பாடி உற்சாகப்படுத்தினார்கள், என்னை அல்ல, பனியை. வெந்நீர்ப் பை பூனையிடம்தான் இருக்கிறது. உன் அம்மா நேற்று உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அடுப்பில் வேகவைத்தாள். உனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுப் பிறகு நினைவு வந்து அதையும் எனக்கே போட்டாள்.

நீ கேட்டதெல்லாம் இருபத்துநாலு வருடத்துக்கு முந்திய கதை. போன வாரம் என்ன சாப்பிட்டேன் என்பதே மறந்துவிடுகிறது. கதவு என்கிறாய், ஏதாவது சத்தமாக இருக்கும். ஸ்டுடியோவில் ஆயிரம் சத்தம். தாளம் மாறியது என்றால், வயதானால் எல்லாமே நேராகிவிடும்.

நல்ல கோட் வாங்கிக்கொள்.

அப்பா


ஹோபோக்கன்
1997 மே 4

அன்பு அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் தட்டுகளை அப்போது வெளியிட்ட பழைய கம்பெனியின் கிடங்கிலிருந்து பதினோரு பெட்டிக் காகிதம் வந்தது. அதில் இசைக்கலைஞர் சங்கத்துத் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவு நாளிலும் யார் வந்தார்கள், எதை வாசித்தார்கள் என்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்புகிற தாள். உங்களுக்குத் தெரியாததா. ஆறு தட்டுக்கும் நாற்பத்தெட்டுத் தாள்கள். நாற்பத்தேழில் டிரம்ஸ் என்ற இடத்துக்கு நேரே வெண்டெல் ஸீமெக் என்று உங்கள் பெயர்.

1973 மார்ச் 6, சிகாகோ. பாட்டு, ‘பனிச்சங்கு’. டிரம்ஸ், எல். வானெக். அந்தத் தாளில் உங்கள் பெயரே இல்லை.

டாரல் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் இங்கே வானிலை எப்படி என்று கேட்டார். பிறகு, "அதை உங்கப்பாகிட்டதான் கேக்கணும்மா, நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார்.

அதனால் உங்களிடமே கேட்கிறேன். அட்லருக்கு இதுவரை எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டை வைத்து நான் எத்தனை பேரிடம் பெருமையடித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அது கிடக்கட்டும். புத்தகத்தில் அந்தப் பாட்டுக்கு நேரே ஒரு பெயரை எழுத வேண்டும். நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்களோ அதை எழுதுகிறேன்.

மார்னி


டூ ரிவர்ஸ்
1997 ஜூன் 27
(கலங்கரை விளக்கப் படம் போட்ட அஞ்சலட்டை)

மார்னி, சுகம். பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. அந்தத் தாள்களை அவசரத்தில் எழுதுவார்கள், தப்பு வரும். என் பெயரையே போட்டுவிடு. அப்பா.


ஹோபோக்கன்
1997 ஜூலை 9

அப்பாவுக்கு,

போட்டுவிட்டேன்.

அம்மா தொலைபேசியில் சொன்னாள், இந்த ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் கிளம்பும் முன்பே நீங்கள் தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கி வந்துவிட்டீர்களாம். முழங்கால் என்று சொன்னீர்களாம். மருத்துவரைப் பாருங்கள்.

மார்னி


டூ ரிவர்ஸ்
1997 ஆகஸ்ட் 3

என் அன்பு மகளுக்கு,

சுகம் என்று எழுதிவிட்டு அடித்தேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு ஜூலை நாலிலும் தீயணைப்பு வண்டியின் மேல் டிரம்ஸை வைத்து என்னை உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் ‘பனிச்சங்கு’ போடுவார்கள், நான் வாசிப்பது போல் குச்சிகளை ஆட்டுவேன், ஊரே கைதட்டும். இருபத்துமூன்று வருடம் ஆட்டினேன். இந்த வருடமும் ஏறி உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியைச் சோதிக்கப் பாட்டைப் போட்டார்கள். நீ எழுதிய ‘போட்டுவிட்டேன்’ அப்போது இன்னும் வரவில்லை. ஆனாலும் நீ அப்படித்தான் எழுதுவாய், அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை எழவில்லை. இறங்கி நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பாதி வழியில் எந்தக் கால் என்று மறந்து மாற்றி நொண்டினேன்.

நடந்தது இதுதான். சிகாகோவில் அன்றைக்கு அந்தப் பாட்டை முப்பத்தொரு முறை வாசித்தேன். டாரல் போட்ட தாளம் தாண்டித் தாண்டிப் போகும். என் கை தாண்டுகிற இடத்தில் யோசிக்கும். ஒவ்வொரு முறையும் அரைத்தட்டு தாமதம். பதிவை நடத்தியவர் ரெட்டிங் என்று ஒருவர், பொறுமைசாலி. கடைசியில், "வெண்டெல், எல்லாருக்கும் பசிக்குது. போய் சாண்ட்விச் வாங்கிட்டு வா. மெதுவா வா, அவசரமில்ல" என்றார். நான் அதை இடைவேளை என்று நினைத்தேன். யாருக்கு ஊறவைத்த வெள்ளரி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு போனேன். யாரும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த அறையில் நம் பக்கத்து ஊரான கெவானியிலிருந்து வந்த ஒரு போல்கா நடன இசைக் குழு பதிவுக்குக் காத்திருந்தது. அப்பாவும் மக்களுமாக ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண் லோயிஸ் வானெக், இருபது வயது, டிரம்ஸ் வாசிப்பாள். ரெட்டிங் அவளை அழைத்து உட்காரவைத்துவிட்டார்.

நான் இரண்டு கையிலும் பையோடு திரும்பி வந்தேன். கதவின் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் உள்ளே போகக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே டிரம்ஸ் கேட்டது. டிரம்ஸ்காரன் நான் வெளியே நிற்கிறேன். அப்படியானால் இது நான் வாசித்ததைப் போட்டுக் கேட்கிறார்கள், விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். கொஞ்ச நேரம் நின்று கேட்கவும் செய்தேன். மார்னி, அது எத்தனை அழகாக இருந்தது தெரியுமா. பரவாயில்லையே, முப்பத்தொன்றில் ஒன்று இப்படி வந்திருக்கிறதே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. டிரம்ஸ் முடிந்ததும் இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஆர்கன் இன்னும் அடங்கவில்லை. என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பை கீழே விழுந்தது. உன் ரசிகர்களிடம் சொல், ஆத்மாவும் இல்லை, கப்பலும் இல்லை. அந்தக் கதவு நான்தான். சரசரப்பு சாண்ட்விச் காகிதம்.

மற்றவர்கள் சாண்ட்விச்சைப் பிரித்தார்கள். அவளுக்கும் பசித்தது. நான் என்னுடையதைக் கொடுத்தேன். வெள்ளரியை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள், குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அட்டை அச்சானபோது, "படத்துல நாலு பேரு, பேரும் நாலு" என்று ரெட்டிங் முடித்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. பிறகு எல்லாரும் வந்து முதுகில் தட்டினார்கள். அப்புறம் நீ வளர்ந்தாய்.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்தத் தட்டு வீட்டுக்கு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் வெண்டெல். உனக்குத் தட்டைத் துடைக்கும்போதே தாளம் நிக்காது" என்றாள். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். அதற்குமேல் துடைக்கவேண்டிய தட்டு நிறைய இருந்தது.

என் பெயரை எடுத்துவிடு.

உன்
அப்பா


ஹோபோக்கன்
1997 ஆகஸ்ட் 12

அன்பு அப்பாவுக்கு,

நான் சுகம். போன கடிதத்தில் அதை எழுதவில்லை, இப்போது சேர்த்து எழுதுகிறேன். மிகவும் சுகம்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘போட்டுவிட்டேன்’ என்று எழுதினேன் அல்லவா, பென்சிலால்தான் போட்டிருந்தேன். மற்ற பெயர்கள் எல்லாம் மையில். நாலு வாரமாக அந்த ஒரு வரியை மட்டும் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று அழித்துவிட்டேன். காகிதம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

அட்லரிடம் எல்லாம் சொன்னேன். கோபப்படவில்லை. துண்டுச்சீட்டில் வெள்ளரி கணக்கு எழுதிய இடத்தில் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். ஆனால் சட்டம் சட்டம்தான், வாசித்தவர் கைப்பட எழுதியது வேண்டும், சங்கத்துத் தாள் மட்டும் போதாது என்கிறார். லோயிஸ் வானெக்கின் கடிதம் செப்டம்பர் பதினைந்துக்குள் வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சடிக்க வேண்டியதுதான்.

கெவானி நம் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணம். இருபத்துநாலு வருடமாக அரைமணி நேரம். நீங்கள் போய்த் தேட வேண்டும் அப்பா. கடிதம் எழுதிக் கேட்காதீர்கள், நேரில் போங்கள்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

உங்கள்
மார்னி


டூ ரிவர்ஸ்
1997 ஆகஸ்ட் 31

மார்னிக்கு,

சுகம். உண்மையாகவே சுகம், ஆனால் இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி இல்லை.

தேடுவது கஷ்டமாக இல்லை. கெவானியில் பெட்ரோல் போடும் இடத்தில் வானெக் என்றதும், லோயிஸா, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போங்கள், அங்கே வாசிப்பாள் என்றார்கள். இப்போது லோயிஸ் கிரெமர். வயது நாற்பத்துநாலு. பள்ளிச் சமையலறையில் வேலை, வெள்ளிதோறும் அண்ணன்மாரோடு போல்கா.

உன் அம்மாவும் வந்தாள். மீன் தட்டு வந்தது, முட்டைக்கோஸ் வந்தது, போல்கா தொடங்கியது. மூன்றாவது பாட்டில் அந்தத் துள்ளல் வந்தது, மார்னி. தாண்டுகிற இடத்தில் அவர் யோசிக்கவே இல்லை, பக்கத்து மேஜைக்காரியோடு பேசிக்கொண்டே வாசித்தார். எனக்கு மீன் ஆறிப்போயிற்று. உன் அம்மா என் பங்கையும் சாப்பிட்டுவிட்டு, "போ, இப்ப போகலன்னா இன்னொரு இருவத்துநாலு வருஷம் ஆகும்" என்றாள்.

இடைவேளையில் போனேன். கணவரோடு உட்கார்ந்திருந்தார். நார்ப் கிரெமர், படகு பழுது பார்க்கிறவர், கை இரண்டும் துடுப்பு மாதிரி. நான் பெயர் சொல்வதற்குள் லோயிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாண்ட்விச் கொண்டாந்தீங்களா?" என்றார்.

உட்காரச் சொன்னார். ஒரு வருடம் பார்த்தேன், அந்த ஆளாவது வாயைத் திறப்பான் என்று, அப்புறம் விட்டுவிட்டேன் என்றார். சண்டைக்கு வருவதுபோலச் சொல்லவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பாட்டு வெளியான சில மாதத்தில், கடையில் வெண்ணெய் எடுக்கும்போது ஒலிபெருக்கியில் கேட்டாராம். பக்கத்தில் நின்ற நார்பிடம், இது நான் வாசித்தது என்றாராம். நார்ப் கடை அதிரச் சிரித்தாராம். அதிலிருந்து அந்த வீட்டில் அது ஒரு தமாஷ். பாட்டு எங்கே கேட்டாலும் நார்ப், "லோயிஸ், உன் பாட்டு" என்பார், பிள்ளைகள் சிரிக்கும். அண்ணன்மார் கூட, அன்றைக்கு நீ அந்த அறைக்கு டிரம்ஸ் இரவல் கொடுக்கத்தானே போனாய் என்பார்களாம்.

நான் நார்ப் பக்கம் திரும்பினேன். "கிரெமர், அந்தப் பாட்டுல வாசிச்சது உங்க சம்சாரம்தான். அட்டையில இருக்கற பேரு என்னோடது, ஆனா நான் வாசிக்கல. எனக்கு வரல" என்றேன். இருபத்துநாலு வருடம் சொல்லாத மூன்று வாக்கியம். சொல்லி முடிக்கப் பத்து நொடி ஆகவில்லை.

நார்ப் எழுந்து போய்விட்டார். அடிக்க ஆள் கூட்டி வருவார் என்று நினைத்தேன். ஒரு பிராந்திக் கோப்பையைக் கொண்டுவந்து, என் முன்னால் அல்ல, மனைவி முன்னால் வைத்தார்.

"இருவத்துமூணு வருஷம்" என்றார். "நீ ஏன் சண்டை போடல லோயிஸ்?"

"போட்டா மட்டும் நம்பியிருப்பியா?"

நார்ப் மைக்கைப் பிடித்து ஊருக்கே சொல்லட்டுமா என்று எழப்போனார். "உக்காரு நார்ப், மீன் ஆறுது" என்றார் லோயிஸ். ஆனால் கோப்பையைக் கையில் எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

கடிதம் எழுதித் தருகிறாரா என்று கேட்டேன். தருகிறேன், ஒரு நிபந்தனை என்றார். நீங்கள் அன்றைக்கு என்ன செய்தீர்களோ அதையும் புத்தகத்தில் போட வேண்டும், ஒன்றும் செய்யாத ஆள் போல் ஓடி ஒளியக் கூடாது என்றார். சம்மதித்தேன்.

அம்மா உனக்கு முத்தம் சொன்னாள்.

அப்பா


கெவானி, விஸ்கான்சின்
1997 செப்டம்பர் 5

மார்னி ஸீமெக்குக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலத்துக்கு வாழ்த்து. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

1973 மார்ச் 6 அன்று சிகாகோவில் ‘பனிச்சங்கு’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தது நான். இரண்டே முறை வாசித்தேன். இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். அது எங்கள் அப்பா கல்யாணங்களில் வாசிக்கும் போல்கா தாளம், கொஞ்சம் மெதுவாக. உங்கள் ஆட்கள் அதைக் கடினம் என்றது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெயரை லோயிஸ் வானெக் என்றே போடுங்கள். வாசித்தபோது நான் அவள்தான். கிரெமர் என்றும் சேர்க்கச் சொல்கிறார் நார்ப். நம்பாத வருடங்களுக்கு இது தண்டனை என்று சொல்லிவிட்டேன்.

எங்களோடு பேசிவிட்டுப் போன மறுநாள் உங்கள் அப்பா வெள்ளரி இல்லாத சாண்ட்விச் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். கடன் தீர்ந்தது.

லோயிஸ்


டூ ரிவர்ஸ்
1997 நவம்பர் 24

என் மார்னிக்கு,

சுகம், சுகம். உன் பெட்டி போன வாரம் வந்தது. உன் அம்மா முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து, சின்ன எழுத்தில் இருந்த ‘பட்டியல்: மார்னி ஸீமெக்’ என்பதை மூன்று முறை படித்தாள். பிறகுதான் என்னிடம் தந்தாள்.

நான் பதினாலாம் பக்கத்துக்குப் போனேன்.

‘பனிச்சங்கு. டிரம்ஸ்: லோயிஸ் வானெக். கதவு: வெண்டெல் ஸீமெக்.’

ஆறு தட்டு, அறுபத்துமூன்று பாட்டு. எத்தனையோ இடத்தில் என் பெயர் வருகிறது. இந்த ஒன்றை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தேன். பேருந்தில் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். டிரம்ஸ் வாசித்தேன் என்றபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், கதவு என்றதும் மறுபடி செய்து காட்டச் சொல்கின்றன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்கிறேன்.

ஊர்வலக் கமிட்டியிடம் போய் உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிறகு அடுத்த ஜூலை நாலுக்கு லோயிஸை அழைக்கச் சம்மதித்தார்கள். தீயணைப்பு வண்டியின் மேல் அவர் உட்கார்ந்து நிஜமாகவே வாசிப்பார். ஒலிபெருக்கியில் பாட்டு கிடையாது. டாரல் வந்து பாடுகிறான். நார்ப் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது அவரை நிறுத்துவதுதான் லோயிஸுக்கு வேலை.

எனக்கும் ஒரு வேலை தந்திருக்கிறார்கள். பாட்டு முடிகிற இடத்தில் வண்டியின் கதவை நான் இடுப்பால் தள்ள வேண்டும். கையில் இரண்டு பை. அதற்காக நம் காரை வைத்து மாலைதோறும் பயிற்சி செய்கிறேன். உன் அம்மா சமையலறை ஜன்னலில் தட்டை ஓடவிட்டுவிட்டுக் கவனிக்கிறாள்.

இன்றைக்கு எப்படி என்று கேட்டேன்.

"அரைத்தட்டு தாமதம்" என்றாள்.

ஜூலைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நீ கட்டாயம் வந்துவிடு.

உன்
அப்பா